ஊழியமும் ஒரு நாள் கூலியும்

(நினைவுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



யாருடைய நினைவாக இன்று கூடியிருக்கிறோமோ, அவரை நம்மில் யாரும் பெயர் சொல்லி அழைத்ததில்லை. 'உபதேசியார்' என்றுதான் அழைத்தோம். இந்த உரையிலும் அப்படியே அழைக்கிறோம். செங்கல்பட்டுப் பக்கத்துச் சேரி ஒன்றில், வாரத்தில் ஆறு நாள் ஊர்க்காரர் நிலத்தில் நடவுக்கும் அறுப்புக்கும் போனவர். ஞாயிற்றுக்கிழமை ஓலைக்கூரைக் கோயிலில் ஜெபம் நடத்தியவர். ராத்திரியில் அரிக்கேன் விளக்கை நடுவில் வைத்து எங்களுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தவர். நாங்கள் சமூகவியல் படிக்கப் போனதற்கும், இன்று இந்த மேடையில் நிற்பதற்கும் அந்த விளக்குதான் தொடக்கம்.

அவருடைய வேதாகமத்துக்குள் ஒரு நாற்பது பக்க நோட்டு இருக்கும். சேரியில் யார், எந்த நிலத்தில், எத்தனை நாள் வேலை செய்தார்கள், எத்தனை படி நெல் வாங்கினார்கள், எத்தனை படி பாக்கி என்று அதில் எழுதியிருப்பார். எழுதப் படிக்கத் தெரியாத சேரிக்கு அந்த நோட்டுதான் சாட்சி. கூலித் தகராறு வந்தால் அதை எடுத்துக்கொண்டு போவார். இது கோயில் கணக்கு இல்லையே, வேதத்துக்குள் ஏன் வைத்திருக்கிறீர்கள் என்று ஒருமுறை கேட்டோம். "இதுவும் வேதம்தான்டா" என்றார். அப்போது எங்களுக்கு அது புரியவில்லை. இன்றைய உரை, அதைப் புரிந்துகொள்வதற்கான முயற்சிதான்.

அவருடைய துணைவியாரை நாங்கள் 'ஆயா' என்போம். எங்கள் பக்கத்தில் பாட்டியை அப்படித்தான் அழைப்போம். சபை நடத்தும் ஒரு மருத்துவமனையில் அவர் இருபத்திரண்டு வருடம் பெருக்கித் துடைத்து, கழிப்பறை கழுவினார். அங்கேயும் அவர் ஆயாதான். ஆனால் அங்கே அது உறவுச் சொல் இல்லை. அந்த நிறுவனத்தின் பெயர் இங்கே வேண்டாம். பாதி வருடங்களுக்குப் பிறகு வேலையை ஒப்பந்தக்காரரிடம் கொடுத்துவிட்டார்கள். வாரத்துக்கு ஒரு நாள் விடுப்பு போயிற்று. கூலி, அரசு நிர்ணயித்த அளவுக்குக் கீழே போயிற்று. உபதேசியார் குருசேகரக் குழுவில் எழுந்து இதைக் கேட்டார். பொறுப்பில் இருந்தவர் சொன்ன பதில்: "இதெல்லாம் கர்த்தருடைய ஊழியம். ஊழியத்துக்குக் கணக்குப் பார்க்கலாமா?"

உபதேசியார் கோபப்படவில்லை. "ஐயா, கணக்குப் பார்க்காத ஊழியத்த எங்க தாத்தா ஆண்டை வூட்ல செஞ்சுட்டாரு. அத வுட்டுட்டு வரத்துக்குத்தான் கோயிலுக்கே வந்தோம்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

தோழர்களே, அந்த ஒரு பதிலுக்குள் உழைப்பைப் பற்றியும், மனிதர் எதற்காகப் படைக்கப்பட்டார் என்பதைப் பற்றியும், வறுமையைப் பற்றியும் ஒரு முழு இறையியல் இருக்கிறது. அதை விரித்துப் பார்ப்போம்.

ஒரு சொல், இரண்டு எசமானர்கள்

'ஊழியம்' என்றால் இன்று தமிழ்க் கிறிஸ்தவர் காதில் பக்தி ஒலிக்கிறது. ஊழியக்காரர், முழுநேர ஊழியம், ஊழியப் பாதை என்கிறோம். ஆனால் இந்தச் சொல்லுக்கு இன்னொரு வரலாறு உண்டு. இன்றைய கன்னியாகுமரி மாவட்டம் சேர்ந்திருந்த பழைய திருவிதாங்கூரில், ஒடுக்கப்பட்ட சாதிகள் அரசுக்கும் கோயில்களுக்கும் கூலியில்லாமல் செய்யவேண்டிய கட்டாய வேலைக்குப் பெயர் ஊழியம். சுமை தூக்கவேண்டும், பாதை போடவேண்டும், கூப்பிட்டால் போகவேண்டும். மறுத்தால் அடி. நாள் கணக்கும் இல்லை, கூலிக் கணக்கும் இல்லை.

1806இல் ரிங்கல்தௌபே என்ற ஜெர்மானிய மிஷனரி மயிலாடிக்கு வந்தார். அவரை அங்கே வரவழைத்தவர் மகாராசன் என்ற வேதமாணிக்கம். அவர் சாம்பவர், அதாவது நம்மவர். தென்திருவிதாங்கூரின் சீர்திருத்தத் திருச்சபை வரலாறு ஒரு வெள்ளைக்காரரிடம் தொடங்கவில்லை, தஞ்சாவூர் வரை நடந்துபோய்த் தனக்கு வேண்டியதைத் தேடிக்கொண்ட ஒரு சேரி மனிதரிடம் தொடங்குகிறது. பிறகு வந்த வருடங்களில் கிறிஸ்தவர்களான எளிய சாதியாருக்குக் கிடைத்த முக்கியமான சலுகைகளில் ஒன்று, ஞாயிற்றுக்கிழமை ஊழியத்துக்குப் போகவேண்டாம் என்பது. கோயில் ஊழியத்திலிருந்தும் விலக்குக் கிடைத்தது. இதைக் கவனியுங்கள். அந்த மக்களுக்கு நற்செய்தி முதலில் வந்து சேர்ந்தது 'வேலை செய்' என்ற கட்டளையாக இல்லை. 'இன்று நீ வேலைக்குப் போகவேண்டாம்' என்ற செய்தியாக வந்தது.

நிலவுடைமையாளருக்கு அது பொறுக்கவில்லை. ஞாயிறு கோயிலுக்குப் போனவர்கள் அடிபட்டார்கள். ஒருவன் என்ன சாமி கும்பிடுகிறான் என்பதைப் பற்றி ஆண்டைக்கு அவ்வளவு கவலை கிடையாது. ஏழில் ஒரு நாள் தன் கைக்குள் இல்லை என்பதுதான் அவருடைய கவலை.

எபிரேய மொழியிலும் இப்படி ஒரு சொல் இருக்கிறது: 'அவோதா'. யாத்திராகமத்தில் பார்வோனுக்கு இஸ்ரவேலர் செய்த கொடிய அடிமை வேலைக்கும் அந்தச் சொல்தான். விடுதலை பெற்றபின் கடவுளுக்குச் செய்யும் ஆராதனைக்கும் அந்தச் சொல்தான். ஏதேன் தோட்டத்தைப் பண்படுத்தும் வேலைக்கும் அதே வேர்ச்சொல். ஆக, உழைப்பு தன்னளவில் புனிதமா இழிவா என்று வேதாகமம் கேட்கவில்லை. யாருக்காக, யாருடைய கட்டாயத்தில், எந்தக் கணக்கில் என்று கேட்கிறது. ஒரே வேலை பார்வோனிடம் அடிமைத்தனம், தோட்டத்தில் மனித மாண்பு. நம் உபதேசியார் எபிரேயம் படித்தவர் இல்லை. ஆனால் ஊழியம் என்ற சொல்லை இரண்டாகப் பிளந்து பார்க்க அவருக்குத் தெரிந்திருந்தது.

சோம்பேறி என்று சொன்னவன் யார்?

வறுமையைப் பற்றிப் பேசும்போது நம்மிடம் சொல்லப்படும் முதல் உபதேசம் 'உழைத்தால் உயரலாம்' என்பது. மேடையிலும் சொல்கிறார்கள், பிரசங்க பீடத்திலும் சொல்கிறார்கள். வேலை செய்ய மனதில்லாதவன் சாப்பிடவும் கூடாது என்ற பொருளில் பவுல் தெசலோனிக்கேயருக்கு எழுதியதை எடுத்துக் காட்டுவார்கள். பவுல் அதை யாருக்கு எழுதினார்? வேலை செய்ய முடிந்தும் பிறர் உழைப்பில் உட்கார்ந்து சாப்பிட்டவர்களுக்கு எழுதினார். அந்த வசனத்தை நியாயமாகப் பயன்படுத்துவதென்றால் நம் தமிழ்நாட்டில் சேரிக்கு அல்ல, ஊர்த் திண்ணைக்குத்தான் வாசித்துக் காட்டவேண்டும்.

வேதாகமத்தில் உழைப்பவரைப் பார்த்துச் 'சோம்பேறிகள்' என்று சொல்பவர்களில் மறக்க முடியாதவன் பார்வோன். செங்கல் அறுக்கும் அடிமைகள் மூன்று நாள் விடுமுறை கேட்கிறார்கள். வேலை குறைந்துபோனதால்தான் இப்படிக் கேட்கத் தோன்றுகிறது என்று அவன் முடிவு செய்கிறான். இனி வைக்கோல் கொடுக்காதே, அவர்களே பொறுக்கிக்கொள்ளட்டும், கல்லின் கணக்கு மட்டும் குறையக்கூடாது என்று உத்தரவு போடுகிறான்.

இந்தக் கதை நமக்குப் பழைய கதை இல்லை. திருவள்ளூர், காஞ்சிபுரம் பக்கத்துச் செங்கல் சூளைகளில் முன்பணம் வாங்கிக்கொண்டு குடும்பத்தோடு போய் உட்காரும் நம் சனங்களையும், ஒடிசாவிலிருந்து ரயிலேறி வரும் குடும்பங்களையும் பார்த்தவர்களுக்குத் தெரியும். அங்கே கூலி நாளுக்கு இல்லை, ஆயிரம் கல்லுக்கு. மழை பெய்து கல் கரைந்தால் நஷ்டம் அறுத்தவனுக்கு. முன்பணம் கழியாதவரை வெளியே போகமுடியாது. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976இல் வந்துவிட்டது. சூளைகளில் மீட்பு நடவடிக்கைகள் அதற்குப் பின்னும் நடந்துகொண்டேதான் இருக்கின்றன.

2005இல் ஊரக வேலை உறுதிச் சட்டம் வந்து, கிராமத்தில் நூறு நாள் வேலை கிடைத்தபோது என்ன பேசினார்கள்? "சனங்க சோம்பேறி ஆயிடுச்சு, நடவுக்கு ஆளே கிடைக்கல." டீக்கடையில் பேசினார்கள், பத்திரிகையில் எழுதினார்கள். அதன் பொருள் என்ன? ஆள் கிடைக்கவில்லை என்பது இல்லை; பழைய கூலிக்கு ஆள் கிடைக்கவில்லை என்பதுதான். வேண்டாம் என்று சொல்ல நம் பெண்களுக்கு முதல்முறையாக ஒரு வழி கிடைத்தது. அந்த 'வேண்டாம்' என்ற சொல்தான் அவர்கள் காதில் சோம்பலாகக் கேட்டது.

வறுமை உழைக்காததால் வந்ததென்றால், தமிழ்நாட்டிலேயே பணக்காரர்கள் நம் ஆயாக்களாக இருந்திருப்பார்கள்.

அழைப்பும் குலத்தொழிலும்

இங்கே கிறிஸ்தவச் சிந்தனையோடும் நமக்கு ஒரு வழக்கு இருக்கிறது. துறவிக்கும் குருவுக்கும் மட்டும்தான் கடவுளின் அழைப்பு உண்டு என்றிருந்த காலத்தில், செருப்புத் தைப்பவரின் வேலையும் பால் கறக்கும் பெண்ணின் வேலையும்கூட அழைப்புதான் என்றார் மார்ட்டின் லூதர். ஐரோப்பாவில் அது பெரிய மாற்றம். அந்த எண்ணம் முதலாளியத்தின் மனநிலைக்கு எப்படித் துணைபோனது என்று 1904-05இல் மாக்ஸ் வேபர் எழுதினார். சமூகவியல் வகுப்பில் நாங்கள் அதைப் படித்தபோது ஒரு கேள்வி எழுந்தது. அவனவன் தன் அழைப்பிலேயே நிலைத்திருக்கட்டும் என்ற உபதேசத்தைச் சாதிச் சமூகத்தில் கொண்டுவந்து வைத்தால் அது என்னவாகும்?

குலத்தொழிலாகும். 1953இல் ராஜாஜி அரசு அரை நாள் பள்ளி, மீதி நேரம் அப்பா செய்யும் தொழில் என்று கொண்டுவந்ததைத் தமிழ்நாடு 'குலக்கல்வித் திட்டம்' என்று பெயரிட்டு எதிர்த்தது. அடுத்த ஆண்டே காமராசர் ஆட்சியில் அது கைவிடப்பட்டது. அந்தத் திட்டத்துக்கும் அழகான விளக்கங்கள் சொல்லப்பட்டன: கைத்தொழிலின் மாண்பு, குடும்பத்தின் பயிற்சி, உழைப்பின் உயர்வு. சாதி என்பது வேலைப் பிரிவினை மட்டுமில்லை, வேலை செய்பவர்களையே மேல் கீழாகப் பிரித்து அடுக்கி வைப்பது என்று பாபாசாகேப் அம்பேத்கர் 1936இலேயே தெளிவாக்கிவிட்டார். நமக்கு 'அழைப்பு' என்று சொல்லித் தரப்பட்டதெல்லாம் நாம் கேட்டு வந்த அழைப்பு அல்ல. பிறந்தவுடன் கையில் திணிக்கப்பட்ட துடைப்பம் அது.

ஆதியாகமம் மனிதரைக் கடவுளின் சாயல் என்கிறது. பழைய பாபிலோனியக் கதைகளில், தேவர்களின் வேலைப் பளுவைக் குறைக்கத்தான் மனிதர் படைக்கப்படுகிறார்கள். அந்த உலகத்தில் தேவனின் சாயல் என்பது அரசனுக்குரிய பட்டம். அந்தப் பட்டத்தை ஆண், பெண் என்று பாராமல் எல்லாருக்கும் கொடுத்தது ஆதியாகமம். பாதத்தில் பிறந்தவன், ஏவல் செய்யவே பிறந்தவன் என்று நமக்குச் சொல்லப்பட்டிருந்த நாட்டில் இது சாதாரணச் செய்தியில்லை. வேலைக்காக மனிதர் இல்லை. முதலில் மனிதர், பிறகுதான் வேலை. நம் தாத்தா பாட்டிகள் எதைக் கேட்டு ஞானஸ்நானத் தொட்டிக்கு நடந்தார்கள் என்பதற்கு 'அரிசிக் கிறிஸ்தவர்' என்ற ஏச்சு பதிலாகாது. அரிசியும் கேட்டார்கள்தான். பசித்தவர் அரிசி கேட்பதில் என்ன குற்றம்? அரிசியோடு சேர்த்து மாண்பையும் கேட்டார்கள்.

கடைசி மணி நேரத்து ஆள்

மத்தேயு இருபதாம் அதிகாரத்தில் இயேசு சொன்ன திராட்சைத் தோட்டக் கதை நமக்கெல்லாம் தெரியும். தோட்டக்காரர் விடியலில் போய் ஆள் பிடிக்கிறார். பிறகு ஒன்பது மணிக்கு, பன்னிரண்டுக்கு, மூன்றுக்கு, கடைசியில் சாயங்காலம் ஐந்துக்கும் போகிறார். எல்லாருக்கும் ஒரே கூலி கொடுக்கிறார். காலையிலிருந்து வெயிலில் நின்றவர்கள் முணுமுணுக்கிறார்கள்.

பிரசங்கங்களில் இந்தக் கதை பெரும்பாலும் பரலோகக் கதையாகிவிடும். கடைசி நேரத்தில் மனந்திரும்பினாலும் மோட்சம் உண்டு என்று முடிப்பார்கள். உபதேசியார் அப்படிச் சொல்லமாட்டார். "சாயங்காலம் அஞ்சு மணி வரைக்கும் எவன் நிப்பான்?" என்று கேட்பார். எங்கள் பக்கத்து நகரங்களில் விடியற்காலை ஆறு மணிக்கு நாற்சந்தியில் போய் நின்று பாருங்கள். கரண்டியும் மட்டப்பலகையும் வைத்துக்கொண்டு கொத்தனார்கள், தூக்குவாளியோடு சித்தாள்கள். மேஸ்திரி வந்து ஆளைப் பார்த்துப் பொறுக்குவார். வாலிபன் முதலில் போவான். எட்டரை மணிக்கு மேல் நிற்பவர்கள் யார்? வயதானவர், இருமுகிறவர், கைக்குழந்தையை விட்டுவிட்டு வந்தவள். அவர்கள் சோம்பேறிகள் இல்லை, நின்றுகொண்டுதான் இருக்கிறார்கள். ஏன் இங்கே நிற்கிறீர்கள் என்று கதையில் தோட்டக்காரர் கேட்கும்போது, எங்களை யாரும் கூப்பிடவில்லை என்றுதான் அவர்களும் பதில் சொல்கிறார்கள்.

பழைய மொழிபெயர்ப்பில் 'ஒரு பணம்', புதிய மொழிபெயர்ப்பில் 'தெனாரியம்' என்றிருப்பது அந்நாளில் ஒரு கூலியாளின் ஒரு நாள் சம்பளம். குடும்பம் அன்றைக்குச் சாப்பிட வேண்டிய தொகை. அதில் பன்னிரண்டில் ஒரு பங்கைக் கொடுத்தனுப்பினால் கணக்கு நேராகியிருக்கும். வீட்டில் உலை வைத்திருக்க முடியாது. இயேசு கூலியைச் சந்தைக் கணக்கில் வைக்கவில்லை, உலைக் கணக்கில் வைத்தார். நம் நாட்டில் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் 1948இல் வந்தது. சட்டம் சொல்லும் அளவுக்குக் கீழே கூலி கொடுத்துவிட்டு அதைக் கர்த்தருடைய ஊழியம் என்று சொல்லும் நிறுவனம், இந்த அதிகாரத்தை எப்படி வாசிக்கும்?

கூலி கேட்டவர்களுக்கு இந்த மண்ணில் என்ன கிடைத்தது என்பதும் நமக்குத் தெரியும். கீழத்தஞ்சையில் கூலி உயர்வு கேட்டு நின்ற மக்களில் 44 பேரைக் கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் வைத்து எரித்தார்கள். அது 1968 டிசம்பர் 25. கிறிஸ்து பிறந்ததாக நாம் கொண்டாடும் இரவு. ஒவ்வொரு கிறிஸ்துமஸ் ஆராதனையிலும் அந்த 44 பேருக்காக ஒரு நிமிடம் எழுந்து நிற்கும் சபைதான் மத்தேயு இருபதை வாசிக்கத் தகுதி உள்ள சபை.

ஓய்வு, மறுப்பு

பத்துக் கட்டளைகளில் ஓய்வுநாள் கட்டளை இரண்டு இடத்தில் வருகிறது. யாத்திராகமம் சொல்லும் காரணம், கடவுள் ஏழாம் நாள் ஓய்ந்திருந்தார் என்பது. உபாகமம் சொல்லும் காரணம் வேறு: நீயும் எகிப்தில் அடிமையாய் இருந்தாய், ஆகவே உன் வேலைக்காரனும் வேலைக்காரியும் உன்னைப் போலவே ஓய்ந்திருக்கட்டும். மாட்டுக்கும் கழுதைக்கும்கூட அந்த ஓய்வைக் கேட்கிறது. அம்பேத்கர் வைசிராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்த 1942-46 காலத்தில்தான், தொழிற்சாலை வேலை நேரத்தை வாரத்துக்கு 48 மணியாகக் குறைக்கும் திருத்தம் முன்னெடுக்கப்பட்டு 1946இல் சட்டமானது. அவர் கிறிஸ்தவர் இல்லை. ஆனால் உபாகமத்தின் அந்தக் கட்டளை அவருடைய சட்டத்தில் நிறைவேறிய அளவுக்குப் பல கிறிஸ்தவ நிறுவனங்களில் நிறைவேறவில்லை. ஞாயிறு ஆராதனைக்கு நாம் செருப்பைக் கழற்றிவிட்டுப் போகும் வாசல், அன்று விடிவதற்குள் யாரோ ஒரு ஆயா பெருக்கிய வாசல்.

ஓய்வுக்கு அடுத்தது மறுப்பு. சில வேலைகளைக் கூலி உயர்த்திச் சரிசெய்ய முடியாது. மனிதர் கையால் மலம் அள்ளுவதற்கு நியாயமான கூலி என்று ஒன்று கிடையாது. கோலார் தங்கவயலில் தலித் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்த பெசவாடா வில்சன் இதைத் தன் வீட்டுக்குள்ளேயே பார்த்தவர். அவருடைய குடும்பத்தாரின் வேலையே அதுதான். அவர் தொடங்கிய இயக்கம் துடைப்பத்துக்குப் பதில் நல்ல துடைப்பம் கேட்கவில்லை. அந்த வேலையையே ஒழிக்கச் சொன்னது. 1993இலும் 2013இலும் சட்டங்கள் வந்தன. சாக்கடைக்குள் இறந்தவர் குடும்பத்துக்குப் பத்து லட்சம் கொடுக்க 2014இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 2023இல் அதை முப்பது லட்சமாக்கியது. தொகை உயர்ந்தது. சாவு நிற்கவில்லை. செத்தவரின் விலை உயர்வது முன்னேற்றம் இல்லை, தோழர்களே.

பறையை எடுத்துக்கொள்ளுங்கள். கிறிஸ்தவர்களான நம் முன்னோர் பல ஊர்களில் முதலில் செய்த கலகம், சாவுக்குப் பறையடிக்க மாட்டோம், செத்த மாடு தூக்க மாட்டோம் என்பது. அதற்காக அடி வாங்கினார்கள், ஊர் வேலையை இழந்தார்கள். இன்று அதே பறையை நம் பிள்ளைகள் மேடையில் விடுதலைக் கலையாக அடிக்கிறார்கள். இதில் முரண் இருக்கிறதே என்று சிலர் கேட்கிறார்கள். முரண் இல்லை. அன்று மறுக்க முடியாது, இன்று மறுக்க முடியும். மறுக்க முடிந்த பிறகு செய்வதுதான் கலை. மறுக்க முடியாமல் செய்வது ஊழியம், பழைய பொருளில்.

இழிவு என்று சொல்லப்பட்ட தொழில் செய்பவரை வேதாகமம் எப்படிப் பார்க்கிறது என்பதற்கு ஒரு இடம் சொல்கிறோம். அப்போஸ்தலர் நடபடிகளில் பேதுரு யோப்பா பட்டணத்தில் தோல் பதனிடும் சீமோன் வீட்டில் பல நாள் தங்குகிறார். யூதச் சமூகத்தில் தோல் பதனிடுபவர் தீட்டோடு பார்க்கப்பட்டவர். அந்த வீட்டு மாடியில்தான், கடவுள் சுத்தமாக்கியதைத் தீட்டென்று சொல்லாதே என்ற வெளிப்பாடு பேதுருவுக்கு வருகிறது. அரண்மனையில் வரவில்லை, ஆலயத்தில் வரவில்லை. ஆம்பூரிலும் ராணிப்பேட்டையிலும் தோல் ஷாப்பு வாசம் தெரிந்த நமக்கு, அந்த மாடி எப்படி இருந்திருக்கும் என்று தெரியும்.

நிலம் இல்லாத இறையியல்

ஏதேனில் மனிதருக்கு வேலை கொடுக்கப்படும் முன் ஒரு தோட்டம் கொடுக்கப்படுகிறது. நிலம் முதலில், வேலை அடுத்து. நமக்கு வேலை மட்டும் கொடுத்தார்கள்.

செங்கல்பட்டு மாவட்டத்தில் இதைப் புரிந்துகொண்ட சில மிஷனரிகள் இருந்தார்கள். ஸ்காட்லாந்துச் சபையின் ஆடம் ஆண்ட்ரூவும், வெஸ்லியன் சபையின் வில்லியம் கௌடியும், ஜெபக்கூட்டம் மட்டும் போதாது, பறையருக்கு நிலம் வேண்டும் என்று அரசை நெருக்கினார்கள். மாவட்ட ஆட்சியர் டிரெமென்கீர் பறையர் நிலைமை பற்றி 1891இல் எழுதிய அறிக்கையின் தொடர்ச்சியாக, 1892இல் அரசு நிலம் ஒதுக்க உத்தரவிட்டது. அதைத்தான் பஞ்சமி நிலம் என்கிறோம். நம் கையைவிட்டு யாருக்கும் போகக்கூடாது என்ற நிபந்தனையோடு கொடுத்த நிலம். போயிற்று. அதை மீட்கக் காரணையில் எழுந்த போராட்டத்தில், 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டுக்கு இரண்டு பேர் பலியானார்கள்: ஜான் தாமஸ், ஏழுமலை. ஒரு பெயர் ஞானஸ்நானப் பெயர், ஒரு பெயர் மலைக்கோயில் பெயர். கோரியது ஒரே நிலம்.

ஆனால் அரசாங்கக் காகிதத்தில் இந்த இரண்டு பெயரும் ஒன்றில்லை. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி பட்டியல் சாதி உரிமை இந்துக்களுக்கு மட்டும். 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவ, இஸ்லாமியத் தலித்துகள் இன்னும் வெளியே நிற்கிறார்கள். 2007இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் இந்தத் தடையை நீக்கச் சொன்னது. அது நடக்கவில்லை. மதம் மாறினால் சாதி போய்விடும் என்கிறது அரசு. எங்களிடம் சாதி இல்லை என்கிறது சபை. கல்லறைத் தோட்டத்தில் பல இடங்களில் இன்னும் இரண்டு பகுதி. ஆயாவின் கையிலிருந்த துடைப்பத்துக்கு மட்டும் அவர் ஞானஸ்நானம் பெற்ற செய்தி போய்ச் சேரவேயில்லை.

நோட்டை மூடும் முன்

ஆகவே, இந்த அரங்கிலிருந்து நாம் சொல்ல விரும்புவது இதுதான். உழைப்பு மனித வாழ்வின் நோக்கம் என்று கிறிஸ்தவம் சொல்வதை நாம் மறுக்கவில்லை. மறுக்கும் உரிமை, குடும்பம் பசியாறும் கூலி, ஓய்வு, கால் ஊன்ற நிலம் ஆகிய நான்கும் இருக்கும் இடத்தில்தான் அது உண்மை. இவை இல்லாத இடத்தில் உழைப்பைப் புகழ்வது பார்வோனின் பாட்டு. காணிக்கை போட்டால் கடன் தீரும் என்று பந்தல் போட்டுச் சொல்லும் செழிப்பு உபதேசமும் அதே பாட்டின் புது மெட்டுதான்.

நம் கோரிக்கைகள் பரலோகத்தை நோக்கியவை அல்ல, அடுத்த மாதத்தை நோக்கியவை. சபை நடத்தும் பள்ளி, கல்லூரி, மருத்துவமனைகளில் துப்புரவு வேலையை ஒப்பந்தத்திலிருந்து எடுத்து நேரடி வேலையாக்கவேண்டும். சட்டப்படியான கூலி, பி.எஃப்., இ.எஸ்.ஐ., வார விடுப்பு வேண்டும். எந்த வளாகத்திலும் ஒரு மனிதரும் தொட்டிக்குள் இறங்கக்கூடாது. அந்தத் தாய்மாரின் பிள்ளைகளுக்கு அதே பள்ளியில் கட்டணமில்லாமல் முதல் இருக்கை வேண்டும். பயன்படுத்தாமல் கிடக்கும் சபை நிலத்தில் நிலமற்ற குடும்பங்களுக்குக் குத்தகை உரிமை வேண்டும். இவற்றைக் கேட்பதால் நாம் சபையின் எதிரிகள் இல்லை. சபையின் பெரும்பகுதியே நாம்தான்.

ஆயா வேலையிலிருந்து நின்ற நாளில் அந்த நிறுவனம் அவருக்கு ஒரு சால்வை போர்த்தி, கண்ணாடி போட்ட வசனப் படம் ஒன்றைக் கொடுத்தது. ஓய்வூதியம் இல்லை. அன்று ராத்திரி உபதேசியார் நோட்டை எடுத்து, தன் மனைவி பெயரை எழுதினார். இருபத்திரண்டு வருடம், வாரம் ஒரு நாள் விடுப்பு கொடுக்காத வருடங்கள் எத்தனை, குறைத்துக் கொடுத்த கூலி எவ்வளவு என்று கணக்குப் போட்டார். அதன்கீழே 'பாக்கி' என்று எழுதித் தொகையைப் போட்டுக் கோடிழுத்தார்.

அவர் போய்விட்டார். ஆயா இருக்கிறார், இன்று முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். நோட்டு எங்களிடம் இருக்கிறது. வருகிற மாதம் குருசேகரக் குழு கூடும்போது அந்தப் பக்கத்தை நகலெடுத்துக்கொண்டு நாங்கள் போகிறோம். ஆயாவோடு வேலை செய்து, அவரைப் போலவே வெறுங்கையோடு நின்றுபோன மற்ற பெண்களின் கணக்கும் அதோடு சேர்ந்திருக்கும். உங்களில் வர முடிந்தவர்கள் எங்களோடு வாருங்கள்.

ஜெய்பீம்.